சின்ன உப்புநீர்த் தொட்டிக்கு எந்த மணல் வாங்குவது?

கேள்வி: வணக்கம் சார். நன்னீர் மீன் வளர்த்துப் பழக்கம் உண்டு, உப்புநீர் இதுதான் முதல் முறை. தொட்டி 2 அடி நீளம், 1 அடி அகலம். ஒரு ஜோடி கோமாளி மீன், பிறகு ஒரு கோபி மீனும் அதோடு சேர்ந்து வாழும் பிஸ்டல் இறாலும் விட ஆசை. பவளம் வளர்க்கும் எண்ணம் இல்லை. அடியில் போட கடையில் மூன்று சரக்கு காட்டினார்கள்: உடைத்த பவளத் துண்டு, காய்ந்த ஆரகோனைட் மணல், தண்ணீரோடு பையில் வரும் 'லைவ் சேண்ட்'. லைவ் சேண்ட்தான் விலை அதிகம். நண்பர் ஒருவர் ஈ.சி.ஆர். பக்கம் போய்க் கடற்கரை மணலையே அள்ளி வரலாம் என்கிறார். எது சரி? - சென்னை வாசகர்

பதில்: காய்ந்த ஆரகோனைட், 1 முதல் 2 மில்லிமீட்டர் பருமன். உங்கள் தொட்டிக்கு அது போதும்.

பவளத் துண்டை விற்பவர்கள் முதலில் சொல்வது, 'இதைப் போட்டால் பி.எச். தானாக 8.2-ல் நிற்கும்' என்பது. அப்படி நிற்காது. பவளத் துண்டு, ஆரகோனைட் இரண்டுமே கால்சியம் கார்பனேட். தண்ணீரின் பி.எச். 8-க்கு நன்றாகக் கீழே இறங்கினால்தான் அது கரைய ஆரம்பிக்கும். அந்த அளவுக்கு இறங்கிவிட்டால் மணலை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. சின்னத் தொட்டியில் பி.எச்.சைக் காப்பாற்றுவது வாரம் 10 சதவீதம் தண்ணீர் மாற்றுவதுதான். ஆகவே பி.எச்.சுக்காக மணல் வாங்காதீர்கள். அழுக்கு எங்கே போய்த் தங்கும், அதன்மேல் வாழப்போகும் உயிருக்கு எது ஒத்துவரும் என்று பார்த்து வாங்குங்கள்.

பவளத் துண்டு அடிபடுவது இங்கேதான். 3, 5 மில்லிமீட்டர் துண்டுகளுக்கு இடையில் மீதித் தீனியும் கழிவும் இறங்கிவிடும். இறங்கியது மேலே வராது, அங்கேயே அழுகி நைட்ரேட்டை ஏற்றும். பெரிய தொட்டி கொஞ்சம் தாங்கும், உங்களுடையது தாங்காது. மாவு போன்ற மிக மெல்லிய மணலில் வேறு தொல்லை: வேவ்மேக்கரை (தண்ணீரை அலைபோல் தள்ளும் மோட்டார்) போட்டதும் ஒரு மூலை காலியாகிக் கண்ணாடி தெரியும், மணலெல்லாம் இன்னொரு மூலையில் குவியும். 1-2 மில்லிமீட்டரில் இந்த இரண்டு சிக்கலும் குறைவு. அழுக்கு மேலேயே நிற்கும், தண்ணீர் மாற்றும்போது குழாயால் உறிஞ்சிவிடலாம்.

பவளத் துண்டு வேண்டாம் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. பாறை கட்டும் பவளங்கள் அத்தனையும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலி இருக்கும் அதே அட்டவணை. உயிரோடு இருக்கும் பவளத்துக்கு மட்டுமல்ல, செத்த துண்டுக்கும் அது பொருந்தும். தண்டனை 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. சாக்கில் கொட்டிக் கிலோ கணக்கில் விற்கும் துண்டு எந்தக் கடலிலிருந்து வந்தது என்பதை உங்களால் கண்டுபிடிக்க முடியாது. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி வெட்டி எடுத்தார்கள். அங்கே 21 தீவுகளில் 2 தீவுகள் கடலுக்குள் மூழ்கிப் போனதற்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். நம் வீட்டுத் தொட்டி அழகுக்காக அந்தக் கடலில் இன்னும் ஒரு கை கூட எடுக்கக் கூடாது. கடலிலிருந்து எடுத்து 'லைவ் ராக்' என்று விற்கும் பாறைக்கும் இதையேதான் சொல்வேன். செராமிக்கில் செய்த பாறை கிடைக்கிறது, அதை வாங்குங்கள்.

சரி, லைவ் சேண்ட். மீன் கழிவின் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா பையில் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அது கப்பலிலும் கிடங்கிலும் எத்தனை மாதம் கிடந்தது, எந்த வெயிலில் கிடந்தது என்பதைப் பொறுத்துத்தான் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்பது. அதைப் போட்டாலும் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யத்துக்கு வரும்வரை நீங்கள் காத்திருக்கத்தான் வேண்டும். காய்ந்த மணலில் தொடங்கினால் சாதாரணமாக 4 முதல் 6 வாரம் ஆகும். இன்னொன்று, பையின் எடையில் தண்ணீரும் சேர்த்தி. கிலோவுக்கு என்ன விலை என்று ஒப்பிடும்போது அதைக் கழித்துப் பாருங்கள். மிச்சமாகும் பணத்தில் ஒரு நல்ல ரிஃப்ராக்டோமீட்டர் (தண்ணீரின் உப்பளவு காட்டும் கருவி) வாங்குங்கள். உப்பின் அளவை நாம் தப்பாகப் பார்த்தாலும் மீன் சாகும்.

கடற்கரை மணல் வேண்டாம். நம் கரை மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ், அதோடு இல்மனைட், கார்னெட், மேக்னடைட் போன்ற கனிமங்கள் கலந்திருக்கும். மாலையில் கரையில் கறுப்புக் கோடாகத் தெரிவது அதுதான். மேக்னடைட் கண்ணாடி துடைக்கும் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு, ஒரே இழுப்பில் கண்ணாடியைக் கீறிவிடும். ஊர்ச் சாக்கடை கலக்கும் கரை என்றால் அதில் வேறு என்னென்ன இருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

அளவுக்கு வருவோம். அடிப்பரப்பு 60-க்கு 30 சென்டிமீட்டர். 3 சென்டிமீட்டர் உயரம் போட்டால் ஐந்தரை லிட்டர் மணல், எடையில் சுமார் 8 கிலோ. பிஸ்டல் இறால் வளை தோண்டி, மேலே கூரை போட்டு வாழும் உயிர். அதற்காகப் பின்மூலை ஒன்றில் மட்டும் 5 சென்டிமீட்டராக உயர்த்தி, அங்கே மட்டும் கொஞ்சம் சின்ன ஓட்டுத் துண்டுகளைக் கலந்து விடுங்கள். சமையலுக்கு வாங்கிய மட்டியின் ஓட்டைச் சுத்தமாகத் தேய்த்து, கொதிக்க வைத்து, உடைத்துப் போட்டாலே போதும். இதற்கும் சேர்த்து 10 கிலோ வாங்கினால் சரியாக இருக்கும். பாறையை முதலில் கண்ணாடித் தரையில் நிறுத்திவிட்டு அப்புறம் மணலைக் கொட்டுங்கள். மணல்மேல் பாறை வைத்தால் இறால் அடியைத் தோண்ட, பாறை சரிந்து அதன்மேலேயே விழும்.

கேள்வி: மணலே போடாமல் வெறும் கண்ணாடியாக விடலாமா? - திருச்சி வாசகர்

பதில்: கோமாளி மீன் மட்டும் என்றால் தாராளமாக விடலாம், சுத்தம் செய்வதும் சுலபம். மணலில் புதைந்து தூங்கும் ராஸ் மீன் வகைகளுக்கோ, தோண்டும் கோபிக்கோ அது கொடுமை.

கேள்வி: மணலைச் சுத்தமாக வைக்க, மணலைச் சலிக்கும் நட்சத்திர மீன் வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். என் தொட்டி 60 லிட்டர். - மதுரை வாசகர்

பதில்: வாங்க வேண்டாம். அது மணலில் உள்ள நுண்ணுயிர்களைத் தின்று வாழ்வது. இவ்வளவு சின்னப் பரப்பில் இருப்பதைத் தின்று முடித்துவிட்டு, மெல்ல மெல்லப் பட்டினியில் சாகும். நாசாரியஸ் நத்தை இரண்டு மூன்று விடுங்கள், மிச்சம் விழும் தீனியை அவை பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: ஆன்லைனில் 'ஆரகோனைட்' என்று வாங்கினேன். வினிகர் ஊற்றிப் பார்த்தால் நுரையே வரவில்லை. ஏமாந்துவிட்டேனா? - கோவை வாசகர்

பதில்: நுரைக்கவில்லை என்றால் அது கார்பனேட் இல்லை, பெரும்பாலும் சிலிக்கா மணல். நுரைத்தாலும் ஆரகோனைட் என்று உறுதியில்லை, மார்பிள் தூளும் நுரைக்கும். அதனால்தான் இறக்குமதியாளர் பெயர், முகவரி, நிகர எடை, எம்.ஆர்.பி. அச்சிட்ட மூடிய பையாக வாங்கச் சொல்வது. பொட்டலச் சரக்குக்கு இவை கட்டாயம்.

பையைத் தூக்கி எறியாதீர்கள். பில், விளம்பரப் பக்கத்தின் படம், வினிகர் சோதனையின் வீடியோ மூன்றையும் வைத்து விற்றவரிடம் எழுத்தில் பணத்தைக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது. ஏற்கெனவே தொட்டியில் கொட்டிவிட்டீர்கள் என்றால் பதற வேண்டாம். மணிகள் கூராக இல்லாமல், காந்தத்தில் ஒட்டாமல் இருந்தால் சிலிக்காவால் மீனுக்குக் கெடுதல் இல்லை.