கதிர்காமத்துக்கு முதல் நடை: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: வணக்கம் டொக்டர். எனக்கு 56 வயது, உப்புவெளியில் இருக்கிறேன். ஒன்பது வருடமாகச் சீனி வருத்தம். மெட்ஃபோமினும் கிளிக்ளசைட்டும் போடுகிறேன், பிரஷருக்கு லோசார்டான். பேரனுக்குச் சுகமில்லாமல் இருந்தபோது கதிர்காமத்துக்கு நடந்து வருவதாக நேர்த்தி வைத்தேன். இதுவரை நடை யாத்திரை போனதில்லை. "உகந்தை வரைக்கும் பஸ்ஸில் போய் காட்டுப் பாதையை மட்டும் நட அக்கா, ஐந்தாறு நாள்தான்" என்கிறான் தம்பி. மகள் வேண்டவே வேண்டாம் என்கிறாள். எனக்கோ, யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து நடந்து வரும் கூட்டம் திருகோணமலைக்கு வரும்போது சேர்ந்து கடைசி வரை நடக்க ஆசை. இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. கொஞ்ச நாளாக உள்ளங்கால் மரத்து, பஞ்சில் மிதிப்பது போல இருக்கிறது. வெறுங்காலோடு நடக்கலாமா? எங்கிருந்து தொடங்குவது நல்லது?

பதில்: அம்மா, பாதையைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டுக் காலைப் பற்றிக் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த வரியிலிருந்துதான் தொடங்கவேண்டும். பஞ்சில் மிதிப்பது போல என்றால், பெரும்பாலும் சீனி கால் நரம்புகளைத் தொட்டுவிட்டது என்று பொருள். நோவு என்பது காலுக்கு ஒரு காவல்காரன். அவன் தூங்கிவிட்டால் கல் குத்தினாலும் தார் சுட்டாலும் உங்களுக்குத் தெரியாது.

ஒரு யாத்திரைக் காலத்தில் என்னிடம் வந்த ஒருவர் சப்பாத்தைக் கழற்றினார். காலுறையில் ஒரு ரூபாய்க் குற்றியளவு மஞ்சள் கறை. உள்ளே புளியங்கொட்டையில் பாதி அளவில் ஒரு கல். அதன் மேலேயே இரண்டு நாள் நடந்திருக்கிறார். "நோகவில்லையா?" என்று கேட்டேன். "இல்லை சாமி, மணம் வந்ததால்தான் பார்த்தேன்" என்றார். அந்தப் புண் ஆற நாலு மாதம் எடுத்தது.

ஆகவே வெறுங்கால் வேண்டாம். இதில் நான் பேரம் பேசமாட்டேன். ஆடிக்கு முந்திய நாட்களில் கச்சான் காற்று அடிக்கும்போது நம்முடைய பக்கத்துத் தார் வீதி எப்படிக் காயும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நேர்த்தியை மாற்றச் சொல்ல நான் யார்? ஆனால் நீங்கள் எழுதியபடி பார்த்தால், நடந்து வருவதாகத்தான் வைத்திருக்கிறீர்கள், வெறுங்காலோடு என்றல்ல. மனம் கேட்காவிட்டால் உங்கள் கோயில் ஐயரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கோயில் வீதிக்குள் செருப்பைக் கழற்றினால் போதும் என்றுதான் அனேகமாகச் சொல்வார். அங்கேயும் வெயில் நேரத்தில் கல்தரையைப் பார்த்து மிதியுங்கள்.

சரி, பாதைக்கு வருவோம். தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் புறப்படும் கூட்டம் முல்லைத்தீவு வழியாக இங்கே திருகோணமலைக்கு வந்து, மூதூர், வெருகல், வாகரை, மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில், பாணமை என்று கரையோரமாகவே போய் உகந்தையை அடைகிறது. அதற்குப் பிறகு குமுக்கன் ஆற்றைக் கடந்து யால காட்டுக்குள்ளால் கதிர்காமம். முழுவதும் நடக்க ஒன்றரை மாதத்துக்குக் குறையாது. திருகோணமலையிலிருந்து சேர்ந்தாலும் பல கிழமைகள்.

தம்பி எத்தனை நாள் என்பதைத்தான் எண்ணுகிறார். கதிர்காமக் கொடியேற்றத்தை ஒட்டி வனவிலங்குத் திணைக்களம் காட்டுப் பாதையைத் திறக்கும்போது, பஸ்ஸில் வந்து இறங்கி நடப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பதும் உண்மைதான். அதனால் அது முதல் தடவைக்காரருக்கான பாதை என்று ஒரு எண்ணம் ஊருக்குள் இருக்கிறது. என் கணிப்பு நேரெதிர். முதல் தடவை நடப்பவர் பாதையைத் தெரிவு செய்யும்போது, அது எத்தனை நாள் என்பதை அல்ல, நடுவில் முடியாமல் போனால் எப்படி வெளியேறுவது என்பதைத்தான் முதலில் பார்க்கவேண்டும். காட்டுக்குள் மூன்றாம் நாள் உங்களுக்குச் சீனி விழுந்தால் பஸ் இல்லை, கடை இல்லை. 1990 இலக்கத்துக்கு அடித்தால் அம்புலன்ஸ் வாசலுக்கு வருகிற இடமும் அல்ல. படையினரும் தொண்டர்களும் தண்ணீர் வைத்து உதவுகிறார்கள்; ஆனால் அடுத்த தண்ணீர் வரைக்கும் நடக்கவேண்டியது உங்கள் கால்தான். சுடுமணல், முள், அப்புறம் ஆற்றில் இறங்கிக் கடப்பது. காலில் புண்ணோடு குளத்திலும் ஆற்றிலும் இறங்கினால் எலிக்காய்ச்சல் பயம் வேறு.

நானும் ஒரு தடவை உகந்தையிலிருந்து நடந்தேன். அப்போது வயது 38, ஒரு வருத்தமும் இல்லை, புத்தி மட்டும் குறைவு. அந்தக் கிழமை வாங்கிய புதுச் சப்பாத்தோடு போனேன். இரண்டாம் நாள் இரண்டு பெருவிரல் நகமும் கறுத்து, நொண்டி நொண்டி நடந்தேன். தலையில் பொட்டலத்தோடு என்னைத் தாண்டிப்போன ஒரு மட்டக்களப்பு ஆச்சி, "சாமி, அதக் கழட்டித் தலையில வையுங்க, கால் சும்மா வரட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அது உணர்வுள்ள காலுக்குச் சொன்ன புத்தி, உங்கள் காலுக்கு அல்ல.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான்: இந்த வருடம் திருகோணமலையிலிருந்து வெருகல் வரை. கூட்டம் கோணேசரைக் கும்பிட்டுப் புறப்படும்போது சேர்ந்துகொள்ளுங்கள், வெருகல் சித்திரவேலாயுத சுவாமி கோயிலில் நிறுத்துங்கள். 60 கிலோமீட்டருக்கு மேல் வரும், நாலைந்து நாளாகப் பிரித்து நடக்கலாம். கிண்ணியாவில் ஆஸ்பத்திரி, மூதூரில் ஆஸ்பத்திரி, ஈச்சிலம்பற்றிலும் இருக்கிறது. நம்முடைய தாய்மார் கிண்ணியாவில் 'பாதை' என்ற மிதவைப் படகுக்குக் காத்திருந்து ஏறிப் போன காலம் போய்விட்டது. 2009இல் பாலம் திறந்த பிறகு எந்த இடத்திலும் மகள் மோட்டார் சைக்கிளில் வந்து உங்களை ஏற்றிக்கொண்டு போகலாம். அவர் வேண்டாம் என்பதற்குக் காரணம் பயம்தானே. இந்தத் துண்டுக்கு அவர் சம்மதிப்பார் என்றே நினைக்கிறேன். மிச்சத் தூரத்தை பஸ்ஸில் போய்க் கதிர்காமத்தில் கும்பிடுங்கள். அடுத்த வருடம் வெருகலிலிருந்து மட்டக்களப்பு மாமாங்கம் கோயில் வரை. வருடத்துக்கு ஒரு துண்டாக நடந்து நேர்த்தி முடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. முதலில் கிளினிக்கில் காலைக் காட்டுங்கள். ஒரு மெல்லிய நைலோன் இழையால் உள்ளங்காலில் தொட்டு உணர்வைப் பார்ப்பார்கள், கால் நாடியையும் பிடித்துப் பார்ப்பார்கள். சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், மூன்று மாதச் சராசரிச் சீனி (HbA1c), இசிஜி மூன்றும் புதிதாக எடுங்கள். நடக்கும்போது நெஞ்சு இறுகினாலோ, காலில் ஏற்கனவே புண் இருந்தாலோ, நாடி சரியாகப் படாவிட்டாலோ இந்த வருடம் நடை இல்லை. ஏற்பு (டெட்டனஸ்) ஊசி எப்போது போட்டது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பயிற்சியை இன்றைக்கே தொடங்கலாம். காலையில் அரை மணித்தியாலம், கிழமைக்குக் கிழமை கொஞ்சம் கூட்டி. நிலாவெளி வீதியும் கன்னியா வீதியும் உங்களுக்குப் பக்கம்தான். புறப்பட மூன்று கிழமைக்கு முன், அடுத்தடுத்த இரண்டு நாள் 12 கிலோமீட்டர் படி நடந்து பாருங்கள். முதல் நாள் எல்லோரும் நடப்பார்கள். இரண்டாம் நாள்தான் சோதனை. அன்று மாலை மகளை உள்ளங்காலையும் விரல் இடுக்குகளையும் டோர்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சிவப்பு அடுத்த நாள் காலையிலும் மாறாவிட்டால் அந்தச் செருப்பு சரியில்லை.

செருப்பு என்றால் பின்னால் வார் உள்ளது, அல்லது மெத்தென்ற சப்பாத்து. மாலையில் வாங்குங்கள், அந்த நேரம் கால் சற்று வீங்கியிருக்கும். பருத்திக் காலுறை இரண்டு மூன்று சோடி. ஈரமானால் உடனே மாற்றுங்கள். காலை நுழைக்கும் முன் ஒவ்வொரு தடவையும் சப்பாத்தைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கையை விட்டுத் தடவுங்கள். கொப்புளம் வந்தால் குத்தவேண்டாம், துணி சுற்றி மூடி, அன்றைய நடையை நிறுத்துங்கள்.

மருந்து விஷயம் கவனமாகக் கேளுங்கள். நடை சீனியைக் குறைக்கும், கிளிக்ளசைட்டும் குறைக்கும். இரண்டும் சேர்ந்தால் நடுவழியில் வியர்த்து, கை நடுங்கி, கண் இருளும். பகல் முழுக்க நடந்த அன்று இரவிலும் விழலாம். ஆகவே நடை நாட்களில் அதைக் குறைக்கவேண்டுமா என்று உங்கள் வைத்தியரிடம் இப்போதே கேட்டுக் கொப்பியில் எழுதி வாங்குங்கள், நீங்களாகக் குறைக்கவேண்டாம். மடியில் எப்போதும் சீனிப் பொட்டலம் இருக்கட்டும். நடுக்கம் வந்தால் மூன்று தேக்கரண்டி சீனி, கால் மணித்தியாலம் உட்காருங்கள், குறையாவிட்டால் இன்னும் மூன்று, பிறகு சாப்பாடு. விரத நாளில் வெறும் வயிற்றோடு கிளிக்ளசைட் போட்டு நடப்பது ஆபத்து. மறுபக்கம், தண்ணீர்ப் பந்தலுக்குப் பந்தல் சர்க்கரைத் தண்ணியும் அன்னதானச் சோறும் அன்போடு நீட்டுவார்கள். மோர் இருந்தால் மோரை வாங்குங்கள். சோற்றில் பாதி, கறியில் இரண்டு பங்கு கேளுங்கள். சாமி என்று கூப்பிட்டுக் கேட்டால் யாரும் மறுக்கமாட்டார்கள்.

வயிற்றோட்டம், வாந்தி வந்தால் லோசார்டானையும் மெட்ஃபோமினையும் அன்றைக்கு நிறுத்தி, ஒரு ஜீவனிப் பக்கெற்றை ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்துக் குடித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முழங்கால் நோவுக்கு யாராவது டைக்ளோஃபெனாக் நீட்டினால் வாங்காதீர்கள். லோசார்டான் போடுகிறவர் வெயிலில் நீர் வற்றிய நேரத்தில் அதைப் போட்டால் சிறுநீரகம் அடிபடும். பரசிட்டமோல் போதும்.

கூட்டத்தின் வேகம் உங்கள் வேகம் அல்ல. விடிகாலை தொடங்கி ஒன்பது மணிக்குள் நிறுத்துங்கள், மிச்சத்தை மாலை நாலுக்குப் பிறகு. இருட்டில் தனியாக மட்டும் நடக்கவேண்டாம், வெருகல் பக்கம் யானை உண்டு. பெயர், வருத்தம், குளிசைகள், மகளின் தொலைபேசி எண் எல்லாவற்றையும் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி மடியில் வையுங்கள். பக்கத்தில் நடக்கும் ஒருவருக்காவது உங்களுக்குச் சீனி என்று தெரிந்திருக்கட்டும்.

கிளினிக்கிற்குப் போகும்போது, நடக்க வைத்திருக்கிற செருப்பையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். காலைப் பார்க்கிறவர் அதையும் ஒரு தடவை கையில் எடுத்து மடக்கிப் பார்க்கட்டும்.