ஷாம்பூ இல்லாமல் தலைமுடி சுத்தமாகவும் ஆரோக்கியமாகவும் இருக்குமா?

இருக்கும், ஆனால் ஷாம்பூவை விட்டுவிடுவது வேறு, எதையும் தேய்க்காமல் வெறும் தண்ணீரில் அலசுவது வேறு. கோத்தகிரியில் வசிக்கும் நான் பல ஆண்டுகளாகச் சீயக்காயைத்தான் பயன்படுத்தி வருகிறேன். வெறும் தண்ணீர் முறையை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

சில வாரங்கள் பொறுத்துக்கொண்டால் தலையின் எண்ணெய்ச் சுரப்பிகள் தாமாகவே அடங்கிவிடும் என்று பலரும் எழுதுகிறார்கள். ஆனால் அச்சுரப்பிகளை முதன்மையாக இயக்குபவை ஆண்ட்ரோஜன் வகை ஹார்மோன்கள். பருவ வயதில் தலை பிசுபிசுப்பதும் முதுமையில் வறண்டுபோவதும் அவை கூடிக் குறைவதால்தான். நாம் தலைக்கு எதைத் தேய்க்கிறோம் என்பதைப் பார்த்து எண்ணெய்ச் சுரப்பிகள் சுரப்பைக் கூட்டவோ குறைக்கவோ செய்வதில்லை. எண்ணெய் அப்படியே தங்கினால், எல்லோர் தலையிலும் இயல்பாக வாழும் மலசீசியா என்ற பூஞ்சை அதை உண்டு பெருகும். பொடுகுக்கு ஆளாகும் உடல்வாகு கொண்டவர்களுக்கு அதுவே போதும்.

சீயக்காய்த் தோட்டிலுள்ள சபோனின் ஒரு முனையால் எண்ணெயையும் மறுமுனையால் நீரையும் பற்றிக்கொண்டு அழுக்கைக் கழற்றுகிறது. ஷாம்பூவிலுள்ள சோடியம் லாரெத் சல்ஃபேட் செய்வதும் இதே வேலையைத்தான், இன்னும் வேகமாக. ஆகவே இயற்கை, செயற்கை என்று கட்சி கட்டிச் சண்டையிடுவதில் எனக்கு ஆர்வமில்லை. குளியல் சோப்பைத் தலைக்குப் போடுவதுதான் உண்மையில் கெடுதல். அதன் காரத்தன்மையால் முடியின் மேற்செதில்கள் விரிந்து, இழைகள் ஒன்றோடொன்று உரசிச் சிக்காகின்றன. சமையல் சோடாவும் அப்படியே.

குளிர்ப் பிரதேசத்தில் சீயக்காய்த் தூளைவிட முழுக்காயே நல்லது என்பது என் அனுபவம். கைப்பிடிக் காயைக் கொட்டை நீக்கி, முந்தின இரவே வெந்நீரில் ஊறப்போட்டு, காலையில் கசக்கிப் பிழிந்து மெல்லிய துணியில் வடிகட்டினால், பழுப்பு நிறத்தில் லேசாக நுரைக்கும் சாறு கிடைக்கும். தூளைக் குழைத்துப் பூசினால், குளிருக்குப் பயந்து அவசரமாக அலசும்போது துகள்கள் தலையிலேயே தங்கி, காய்ந்தபின் பொடுகுபோல உதிரும். சாறாக இருந்தாலும் கண்ணில் பட்டால் எரியும் என்பதால், தலையைப் பின்பக்கமாகச் சாய்த்து ஊற்றிக்கொள்ள வேண்டும்.

எங்கள் ஊரில் முடியைக் கெடுப்பவை வேறு. கொதிக்கக் கொதிக்கத் தலையில் வெந்நீர் ஊற்றிக்கொள்ளும் வழக்கம் ஒன்று. ஈரம் காயுமுன் கம்பளித் தொப்பியை மாட்டிக்கொள்வது இன்னொன்று. அந்தத் தொப்பியை எத்தனை பேர் துவைக்கிறார்கள் என்று கேட்டால் பதில் வராது.

என் முறை எல்லா ஊருக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். இங்கே வியர்வை குறைவு. மழையால் நிறையும் ஓடைத் தண்ணீரில் உப்பும் குறைவு. கோயம்புத்தூரில் அக்கா வீட்டில் தங்கும்போது, ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரும் சாலைப் புழுதியும் சேர்ந்து முடியைச் சடைபோல ஆக்கிவிடுவதால், அங்கே தயங்காமல் ஷாம்பூ போட்டுவிடுகிறேன்.

தலைத்தோல் சிவந்து, மஞ்சள் நிறச் செதில்களும் அரிப்பும் இருந்தால் சீயக்காயும் சாதாரண ஷாம்பூவும் போதாது. தோல் மருத்துவரிடம் காட்டினால், பெரும்பாலும் கீட்டோகோனசோல் என்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்து கலந்த ஷாம்பூவை எழுதித் தருவார்; அதைப் பூசியவுடன் கழுவிவிடாமல், அவர் சொல்லும் சில நிமிடங்கள் ஊறவிட்ட பிறகே அலச வேண்டும்.