பேரேட்டுப் பின்னமும் கணித எழுத்துருவும்

கேள்வி: எங்கள் ஐயா பர்மாவில் வட்டிக்கடை நடத்தியபோது எழுதிய பேரேடு வளவில் இருக்கிறது. அதைக் குடும்பத்தாருக்காகச் சிறு நூலாக, கட்டளைகளை எழுதிப் பக்கம் அமைக்கும் லேடெக் மென்பொருளில் தொகுத்துவருகிறேன். பழைய தமிழ்ப் பின்னக் குறிகளையும் இன்றைய கணக்கையும் ஒரே வரியில் அருகருகே காட்ட வேண்டும். கணித எழுத்துரு ஒன்றை இறக்கி விண்டோஸில் நிறுவினேன். லேடெக் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. தமிழ்ப் பின்னம் வர வேண்டிய இடமும் வெறுமையாக வருகிறது. தமிழ், கணிதம், பழைய பின்னம் மூன்றும் சேர்ந்த எழுத்துரு எது? (பள்ளத்தூர் வாசகி)

பதில்: அப்படி ஒன்றைத் தேடி அலையாதீர்கள், ஆச்சி. மூன்றையும் தரமாகத் தரும் ஒரே எழுத்துருவை நான் பார்த்ததில்லை. உங்கள் வேலைக்கு அது தேவையும் இல்லை. மூன்று எழுத்துருக்களை வைத்துக்கொண்டு, எது எங்கே வர வேண்டும் என்று லேடெக்கிடம் சொல்லிவிட்டால் போதும்.

கணித எழுத்துரு என்பது கூட்டல், பெருக்கல் குறிகள் உள்ள எந்த எழுத்துருவும் அல்ல. ஓப்பன்டைப் என்ற இன்றைய வகை எழுத்துருவுக்குள் கணிதத்துக்கென்றே தனி அட்டவணை ஒன்று இருக்க வேண்டும். அடுக்கு எண் எவ்வளவு மேலே நிற்க வேண்டும், பின்னக் கோடு எவ்வளவு தடிமன், அடைப்புக்குறி பின்னத்தின் உயரத்துக்கு எப்படி வளர வேண்டும், வர்க்கமூலக் குறி எவ்வளவு நீள வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் எழுதப்பட்டிருக்கும். மைக்ரோசாஃப்ட் 2007 ஆஃபீஸுடன் கேம்ப்ரியா மேத் எழுத்துருவை வெளியிட்டபோது இந்த முறை பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது. அட்டவணை இல்லாத எழுத்துருவைக் கணிதத்துக்குக் கொடுத்தால் லேடெக் சூத்திரத்தையே தள்ளுபடி செய்துவிடக்கூடும். நீங்கள் இறக்கிய எழுத்துருவின் பெயரில் ‘மேத்’ என்ற சொல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் பெரும்பாலும் அது சாதாரண உரைக்கான எழுத்துருதான்.

இன்னொன்று, கணித எழுத்துருவை நீங்கள் இறக்கியிருக்கவே வேண்டாம். லேடெக்கைத் தரும் டெக் லைவ் தொகுப்பை முழுமையாக நிறுவியிருந்தால் லேட்டின் மாடர்ன் மேத், ஸ்டிக்ஸ் டூ மேத், லிபர்டினஸ் மேத் எல்லாம் ஏற்கெனவே உங்கள் கணினியில் இருக்கின்றன. வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியவை தமிழ் எழுத்துருக்கள் மட்டுமே.

அதில்தான் உங்கள் வெற்றிடத்தின் காரணமும் இருக்கிறது. பேரேட்டில் வரும் சில குறிகள் யூனிகோடின் வழக்கமான தமிழ்ப் பகுதியிலேயே உள்ளன: ௰, ௱, ௲ ஆகிய எண்கள், நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸, ரூபாய்க்கு ௹. ஆனால் மா, காணி, முந்திரி போன்ற பின்னங்களுக்கு 2019 வரை யூனிகோடில் இடமே இல்லை. அந்த ஆண்டு வந்த 12.0 பதிப்பில்தான் தமிழ்த் துணைப்பகுதி என்ற பெயரில் 51 குறிகள் சேர்க்கப்பட்டன. வழக்கமான தமிழ் எழுத்துருக்களில் இவை இருப்பதில்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமென்ட் என்ற இலவச எழுத்துருவில் இருக்கின்றன. உலாவியில் சரியாகத் தெரிந்தது லேடெக்கில் ஏன் காணாமல் போகிறது என்றால், உலாவி இல்லாத எழுத்தை வேறோர் எழுத்துருவிலிருந்து தானாகவே இரவல் வாங்கிக்கொள்ளும். லேடெக் வாங்காது. இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு, பதிவுக் கோப்பில் ‘மிஸ்ஸிங் கேரக்டர்’ என்று ஒரு வரி எழுதிவைத்துவிட்டுப் போய்விடும். ஒவ்வொரு முறை ஓட்டியதும் அந்தக் கோப்பில் இந்தச் சொற்களைத் தேடுங்கள். எந்த எழுத்துருவில் எந்த எழுத்து இல்லை என்று அதிலேயே இருக்கும்.

இனி நிறுவுதல். விண்டோஸில் எழுத்துருக் கோப்பை இரட்டைச் சொடுக்கு செய்து நிறுவினால் அது உங்கள் பயனர் கணக்குக்கு மட்டும் போய்ச் சேரலாம். லேடெக் அந்த அடைவில் தேடாமல் விடுவதுண்டு. வலச்சொடுக்கு செய்து ‘எல்லாப் பயனர்களுக்கும் நிறுவு’ என்பதைத் தேர்ந்தால் பெரும்பாலும் தீரும். ஆனால் நான் பரிந்துரைப்பது இதை அல்ல. நூலின் கோப்பு இருக்கும் அடைவுக்குள்ளேயே எழுத்துருக்களுக்கு ஓர் அடைவு போட்டு, கோப்புகளை அங்கே வைத்து, முகப்பில், அதாவது நூலின் கோப்பில் உரைக்கு முன்னால் அமைப்புகளை எழுதும் பகுதியில், பாதையையும் கோப்பின் பெயரையும் கொடுத்துவிடுங்கள். நிறுவவே வேண்டாம். நாளைக்குச் சிங்கப்பூரில் இருக்கும் உறவினர் யாராவது அதே அடைவைத் திறந்து ஓட்டினாலும் அதே பக்கம்தான் வரும். கோப்பின் பெயரால் அழைக்கும்போது தடித்த எழுத்தின் கோப்பையும் தனியாகச் சொல்ல வேண்டும்; லேடெக் தானாக ஊகித்துக்கொள்ளாது.

கூகுள் எழுத்துருத் தளத்திலிருந்து நோட்டோ செரிஃப் தமிழை இறக்கினால் பொதியைப் பிரித்ததும் வெளியே தெரிவது, எல்லாத் தடிமன்களையும் ஒன்றாக அடக்கிய மாறும் எழுத்துரு. அதைத் தொடாதீர்கள், லேடெக்கை ஓட்டும் பொறிகளில் ஒன்றான ஸீலேடெக்குக்கு அது ஒத்துவராது. உள்ளே ‘ஸ்டாட்டிக்’ என்றொரு அடைவு இருக்கும். அதிலிருந்து சாதாரணம், தடித்தது என இரண்டு கோப்புகளை மட்டும் எடுங்கள்.

ஓட்டும் பொறி ஸீலேடெக்காக இருக்க வேண்டும். பழைய பிடிஎஃப்லேடெக்கில் இந்த எழுத்துருக்களை இப்படி ஏற்ற முடியாது. லுவாலேடெக்கும் ஆகும், அதில் ரெண்டரர் என்ற விருப்பத்துக்கு ஹார்ஃப்பஸ் என்று கொடுத்துவிடுங்கள். இரண்டிலும் தமிழ் எழுத்துருவை அறிவிக்கும்போது எழுத்துமுறை தமிழ் என்ற விருப்பத்தைச் சேர்க்க மறக்காதீர்கள். விட்டுவிட்டால் ‘கெ’யின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும்.

முகப்பில் வரிசை முக்கியம். ஏஎம்எஸ்மேத் தொகுப்பு முதலில், யூனிகோட்–மேத் அதன் பிறகு. பழைய கணித எழுத்துருத் தொகுப்பு ஏதாவது முந்தைய கோப்பிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் நீக்கிவிடுங்கள். இரண்டும் ஒரே குறிக்காக மோதும். பிறகு செட்மெயின்ஃபாண்ட் கட்டளையில் நோட்டோ செரிஃப் தமிழ், செட்மேத்ஃபாண்ட் கட்டளையில் கணித எழுத்துரு, நியூஃபாண்ட்ஃபேமிலி கட்டளையில் சப்ளிமென்ட் எழுத்துரு.

கணித எழுத்துருவில் எதைத் தேர்வது? ஒன்றும் சொல்லாவிட்டால் லேட்டின் மாடர்ன் மேத் வரும். லேடெக்குக்கு அடிப்படையான டெக்கை எழுதிய க்னூத் அதற்காகவே உருவாக்கிய கம்ப்யூட்டர் மாடர்னின் வாரிசு அது. அழகானதுதான், ஆனால் கோடுகள் மெல்லியவை. தடித்த தமிழ் வரிக்கு நடுவில் சூத்திரம் பசியோடு இருப்பதைப் போலத் தெரியும். ஸ்டிக்ஸ் டூ மேத் தமிழோடு நன்றாக ஒட்டுகிறது என்பது என் எண்ணம். அளவைப் பொருத்த, சிறிய எழுத்துக்குச் சமமாக்கு என்ற தானியங்கி விருப்பத்தை நம்பாதீர்கள். அது ஆங்கிலச் சிறிய எழுத்தை அளந்து பார்ப்பது. தமிழுக்கு அப்படி ஒன்று கிடையாது. தமிழ் எழுத்துருவுக்கு 0.9 என்று எண்ணாகவே கொடுத்து, ஒரு பக்கம் அச்சிட்டுப் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள்.

இப்போது உங்கள் வரி. ஒரு மா இருபதில் ஒன்று, ஒரு காணி எண்பதில் ஒன்று. கூட்டினால் எண்பதில் ஐந்து, அதாவது பதினாறில் ஒன்றான மாகாணி. இதை இடப்பக்கம் பழைய குறிகளாகவும் வலப்பக்கம் மேலும் கீழுமான பின்னங்களாகவும் காட்ட வேண்டும். கணிதப் பகுதிக்குள் தமிழ்க் குறியை நேரடியாகத் தட்டினால் லேடெக் அதைக் கணித எழுத்துருவில் தேடும். அங்கே இல்லை, மறுபடியும் வெற்றிடம். அதனால் குறியை டெக்ஸ்ட் கட்டளைக்குள் போட்டு, அதற்குள் சப்ளிமென்ட் எழுத்துருவை அழைக்க வேண்டும். எம்பாக்ஸ் வேண்டாம், கீழ்க்குறியாக வரும் இடத்தில் அது அளவைச் சுருக்காது. விசைப்பலகையில் இந்தக் குறிகள் இல்லாததால் சிம்பல் கட்டளையில் குறியின் யூனிகோட் எண்ணைப் பதினாறடிமானத்தில் கொடுங்கள்: மாவுக்கு 11எஃப்சி8, காணிக்கு 11எஃப்சி2, முந்திரிக்கு 11எஃப்சி0. எண்ணை ஆங்கில எழுத்தில் தட்டி, முன்னால் ஓர் இரட்டை மேற்கோள் குறி இடுங்கள். ஒவ்வொரு பின்னத்துக்கும் ஒரு சுருக்கக் கட்டளை எழுதிக்கொண்டால் பேரேடு முழுவதற்கும் கை வலிக்காது.

அரைக்கும் பதினாறில் ஒன்றுக்கும் யூனிகோடில் இரண்டிரண்டு வடிவங்கள் இருக்கின்றன. கணக்கப்பிள்ளைக்குக் கணக்கப்பிள்ளை கையெழுத்து மாறும், ஒரே பேரேட்டில் இரண்டு கைகள் இருக்கவும் கூடும். ஆகவே வடிவம் ஒத்துப்போகிறது என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். 3,200 ரூபாய்க்கு மாதம் நூற்றுக்கு முக்கால் வட்டி என்று படித்தால், அந்தப் பதிவில் ஒரு மாதத்துக்கு 24 ரூபாய் வந்திருக்க வேண்டும். வரவில்லையென்றால் நீங்கள் முக்கால் என்று படித்த குறி வேறொன்றாக இருக்கலாம்.

அச்சகத்துக்கு மூலக் கோப்பைக் கொடுக்காதீர்கள். பிடிஎஃப் மட்டும் போகட்டும். கொடுக்கும் முன் பிடிஎஃப் வாசிப்பானில் கோப்பின் பண்புகளைத் திறந்து எழுத்துருப் பட்டியலைப் பாருங்கள். மூன்று எழுத்துருக்களின் பெயருக்கும் எதிரே உட்பொதிக்கப்பட்டது என்று இருந்தால், காரைக்குடியில் அச்சிட்டாலும் சிவகாசியில் அச்சிட்டாலும் குறி மாறாது. அங்கே பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க அமைப்பு மென்பொருளில் மறுபடி தட்டித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பழைய தமிழ் எழுத்துருக்களில் இந்தப் பின்னங்களைப் படமாக வெட்டி ஒட்ட வேண்டிவரும். பிறகு அந்த நூலில் ஒரு காணியைக்கூடத் தேடி எடுக்க முடியாது.