டைவ் முடித்த அன்றே ஏற்காடு ஏறலாமா?

கேள்வி: ஏற்காட்டில் வசிக்கிறோம். புதுச்சேரியில் மூழ்கிக் கிடக்கும் மீன்பிடிப் படகைக் காட்டுவதாக ஒரு ஏஜென்ட் சொன்னார். காலையில் இரண்டு ஸ்கூபா டைவ். மாலையே காரில் வீடு திரும்பலாமா? விமானத்தில் போனால்தான் பிரச்சினை என்கிறார் அவர்.

பதில்: சேலம் வரை வரலாம். அன்றிரவு மலை ஏற வேண்டாம்.

காரா, விமானமா என்பது உடம்புக்குத் தெரியாது. காற்றழுத்தம் குறைவது மட்டும்தான் தெரியும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். கடற்கரையைவிட அங்கே காற்றழுத்தம் ஆறில் ஒரு பங்கு குறைவு. சேலத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் இருபதாவது கொண்டை ஊசி வளைவுக்குள் தலையணை மாதிரி உப்பிவிடுகிறதே, அதுதான் காரணம். ஆழத்தில் சுவாசித்த நைட்ரஜன் உங்கள் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்திருக்கும். மூச்சு வழியாக அது மெதுவாக வெளியேறுவதற்குள் மேலே ஏறினால் உள்ளேயே குமிழாகலாம். மூட்டுவலி, கை மரத்தல் எல்லாம் அதனால்தான்.

டைவ் செய்பவர்களின் பாதுகாப்புக்கான அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் சொல்லும் கணக்கு இது: சாதாரண டைவ் ஒன்று என்றால் குறைந்தது 12 மணி நேரம், ஒன்றுக்கு மேல் என்றால் 18. விமானப் பயணத்துக்குச் சொன்னதுதான், ஆனாலும் 2,000 அடிக்கு (சுமார் 600 மீட்டர்) மேலே போகும் எவருக்கும் பொருந்தும். பகல் 11 மணிக்குக் கரையேறினால் மறுநாள் காலை 5 மணி ஆகிறது. நான் என்றால் மதியச் சாப்பாடு வரை கீழேயே இருப்பேன்.

சேலத்துக்கு மட்டும் ஏன் விலக்கு? ஊர் 300 மீட்டருக்குள்தான் இருக்கிறது. கள்ளக்குறிச்சி, ஆத்தூர், வாழப்பாடி என்று வழி முழுக்கத் தாழ்வான சாலை. அஸ்தம்பட்டியில் சொந்தக்காரர் வீடு இருந்தால் நிம்மதியாகத் தூங்குங்கள். அடிவாரம் வரை போனாலும் சரி. "பாதி மலை மட்டும்" என்று கிளம்பாதீர்கள். மலையிலிருந்து இறங்கி நேரே கடலுக்குப் போவதில் சிக்கல் இல்லை.

அப்புறம், அந்த ஏஜென்ட். அவருக்குக் கமிஷன் உண்டு, உங்கள் மூட்டுவலி அவருடையது அல்ல. ஆஸ்துமா, இதயநோய், காது அறுவை எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று முன்கூட்டியே டிக் அடித்த மருத்துவப் படிவத்தை நானே பார்த்திருக்கிறேன். பெயர் எழுதும் இடம் மட்டும் காலி. அதில் கையெழுத்துப் போடாதீர்கள். பயிற்சிச் சான்று இல்லாதவரை 12 மீட்டருக்குக் கீழே இறக்கக் கூடாது. அந்தப் படகு எத்தனை மீட்டரில் கிடக்கிறது என்று கேளுங்கள். மழுப்பினால் பணத்தைத் திரும்ப வாங்குங்கள். மலையேறும் வண்டியை அடிவாரச் சோதனைச் சாவடியில் நிறுத்திக் கேட்கிறார்கள். கடலுக்கு ஆள் அனுப்புகிறவரை யார் நிறுத்துகிறார்கள்? மூழ்கிய அந்தப் படகுக்குள் நுழையவும் வேண்டாம். பழைய நைலான் வலை காலைச் சுற்றும்.

ஊர் திரும்பியதும் தோள் வலித்தாலோ கை மரத்தாலோ மாத்திரை போட்டுப் படுக்காதீர்கள். ஆக்ஸிஜன் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய், "நேற்று டைவ் செய்தேன்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சுளுக்கு என்று ஊசி போட்டு அனுப்பிவிடுவார்கள்.