வாசகர் கேள்வி – பதில்: மருந்தை நிறுத்தச் சொல்லும் போதகரை நம்பலாமா?

கேள்வி: எங்கள் தோட்டத்துக்குச் சில மாதங்களாக வெளியிலிருந்து ஒரு போதகர் வந்து, லயத்துக் காம்பிராக்களில் ஜெபக்கூட்டம் நடத்துகிறார். என் அம்மாவுக்குச் சீனி வருத்தம். கிளங்கன் வைத்தியசாலைக் கிளினிக்கில் மருந்து எடுத்து வந்தார். “சுகம் கிடைத்துவிட்டது, இனிக் குளிசை போடுவது அவிசுவாசம்” என்று போதகர் சொன்னதால் இப்போது நிறுத்திவிட்டார். அம்மாவுக்குக் கிடைத்த ஊழியர் சேமலாப நிதிப் பணத்தில் பத்தில் ஒரு பங்கைக் காணிக்கையாக ‘விதைக்க’ வேண்டும் என்றும் அவர் கேட்கிறார். அவருடைய ஜெபத்தால் சிலர் சுகமடைந்ததை நாங்கள் நேரில் கண்டிருக்கிறோம். இவரை எப்படி அறிந்துகொள்வது?
– ஒரு வாசகி, நோர்வூட்

பதில்: அன்புச் சகோதரி, வேதவசனங்களுக்குப் போவதற்கு முன்னர் ஒரு காரியத்தைச் செய்யுங்கள். அம்மாவை உடனே கிளினிக்குக்கு அழைத்துச் சென்று, எத்தனை நாட்களாக மருந்து எடுக்கவில்லை என்பதை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். விட்டுப்போன குளிசைகளை வீட்டில் நீங்களாகவே சேர்த்துக் கொடுக்க வேண்டாம். சீனி வருத்தம் வெளியே தெரியாமலே கண்ணையும் சிறுநீரகத்தையும் கால்களையும் கெடுக்கக்கூடியது என்பதால், உடம்பு நன்றாக இருப்பதுபோல் தோன்றுவதை மட்டும் வைத்து மருந்தை விட்டுவிட முடியாது.

மருந்து எடுப்பது அவிசுவாசம் என்ற போதனைக்கு வேதத்தில் இடமில்லை. பவுல் தம்மோடிருந்த லூக்காவைப் பிரியமான வைத்தியன் என்றே அழைக்கிறார் (கொலோசெயர் 4:14). அடிக்கடி பலவீனப்பட்ட தீமோத்தேயுவுக்கு, வயிற்றின் நிமித்தம் கொஞ்சம் திராட்சரசம் எடுக்கும்படி எழுதுகிறார் (1 தீமோத்தேயு 5:23). தம் உடலில் பட்ட துணிகளைக் கொண்டே வியாதிகள் நீங்கக் கண்ட அதே பவுல், தம்மோடு பயணம் செய்த துரோப்பீமுவை மிலேத்து ஊரில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்ததையும் ஒளிக்காமல் குறிப்பிடுகிறார் (2 தீமோத்தேயு 4:20). துரோப்பீமுவுக்கு விசுவாசம் போதவில்லை என்று அவர் எங்கும் குற்றஞ்சாட்டவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். பத்துக் குஷ்டரோகிகள் இயேசுவிடம் வந்தபோது, ஆசாரியர்களிடம் போய்த் தங்களைக் காண்பிக்கும்படி அவர் அனுப்பினார் (லூக்கா 17:14). அக்காலத்தில் குஷ்டம் நீங்கியதா இல்லையா என்பதைப் பரிசோதித்துச் சொல்லும் பொறுப்பு, லேவியராகமம் 14ஆம் அதிகாரத்தின்படி, ஆசாரியனுடையது. தாம் கொடுத்த சுகத்தையே பிறர் பரிசோதிக்க அனுப்பியவர் நம்முடைய ஆண்டவர். ஆகவே உங்கள் அம்மாவுக்கு உண்மையாகவே சுகம் கிடைத்திருந்தால் அது கிளினிக்கின் இரத்தப் பரிசோதனையிலும் தெரியும். வைத்தியரே மருந்தைக் குறைப்பார். பரிசோதனைக்குப் போகவே கூடாது என்று தடுக்கிறவர் எதற்குப் பயப்படுகிறார் என்று நீங்கள் கேட்பது நியாயமே.

சிலர் சுகமடைந்ததைக் கண்டோம் என்கிறீர்கள். அதை நான் மறுக்கவில்லை. தேவன் இன்றும் சுகமாக்குகிறார் என்று முழு மனதோடு நம்புகிறேன். ஆனால் அற்புதம் மட்டும் ஒருவரை உண்மையான போதகராக்கிவிடாது. ஒரு தீர்க்கதரிசி சொன்ன அடையாளம் அப்படியே நடந்தாலும், அவன் ஜனங்களை வேறு தேவர்களிடம் திருப்பினால் அவனுக்குச் செவிகொடுக்கக் கூடாது என்று உபாகமம் 13:1–3 கட்டளையிடுகிறது. தம்முடைய நாமத்தினாலே அநேக அற்புதங்களைச் செய்தோம் என்று சொல்லி வருகிறவர்களில் பலரை, “நான் ஒருக்காலும் உங்களை அறியவில்லை” என்று இயேசுவே தள்ளுகிறார் (மத்தேயு 7:22–23). கனிகளைக் கொண்டு அறியுங்கள் என்று அவர் சொன்னது இதற்குச் சில வசனங்களுக்கு முன்னர்தான். ஆதலால் மேடையில் நடப்பதை விட, கூட்டம் முடிந்த பிறகு அந்த மனிதர் பணத்தையும், பெண்களையும், தம்மை மறுத்துப் பேசுகிறவரையும் எப்படி நடத்துகிறார் என்பதையே பார்க்க வேண்டும்.

பணத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் மலையகத்தில் கள்ளப் போதனை பெரும்பாலும் வியாதி, கடன் என்ற இரண்டு வாசல்கள் வழியாகவே லயங்களுக்குள் நுழைகிறது. சேமலாப நிதி என்பது உங்கள் அம்மாவின் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் கழிக்கப்பட்ட 8 வீதமும், நிர்வாகம் அதனுடன் சேர்த்த 12 வீதமும் வட்டியோடு திரண்ட தொகை. மழையிலும் அட்டைக்கடியிலும் கொழுந்து பறித்தவருக்கு முதுமையில் மிஞ்சுகிற ஆதாரம் பெரும்பாலும் அது ஒன்றுதான். அதில் பத்தில் ஒன்றைக் கொடுத்தால் நூறாகத் திரும்பி வரும் என்று சொல்கிறவர், தேவனை வட்டிக்குக் கொடுக்கிறவராக்கி விடுகிறார். தேவபக்தியை ஆதாயத் தொழிலாக எண்ணுகிறவர்களை விட்டு விலகும்படி பவுல் கட்டளையிடுவது (1 தீமோத்தேயு 6:5) இத்தகையவர்களைக் குறித்தே.

பத்தில் ஒரு பங்காகிய தசமபாகத்தைப் பிரசங்கிக்கிறவர்கள் மல்கியாவின் 3ஆம் அதிகாரத்தை வாசிப்பார்கள். உபாகமம் 14:28–29ஐ வாசிப்பவர்கள் குறைவு. மூன்றாம் வருடத் தசமபாகம் லேவியனுக்கு மட்டுமன்றி, பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் உணவாக வேண்டும் என்கிறது அந்தப் பகுதி. காணிக்கைத் தட்டு வரும்போதெல்லாம் ஏழை விதவையின் இரண்டு காசைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். மாற்கு 12ஆம் அதிகாரத்தைத் திறந்து, அந்தச் சம்பவத்துக்குச் சற்று மேலேயுள்ள 40ஆம் வசனத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். நீண்ட ஜெபம்பண்ணி விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரை இயேசு கண்டித்த உடனேயே அந்த விதவை வருகிறாள். இரண்டையும் சேர்த்து வாசிக்கிற எவரும், ஓர் ஏழைத் தாயின் கடைசிச் சேமிப்பைக் கேட்க வாய் கூசுவார்.

ஆதித் திருச்சபையும் இந்தத் தொல்லையை அறிந்திருந்தது. ‘திதாகே’ என்ற மிகப் பழைய கிறிஸ்தவப் போதனை நூல், ஊர் ஊராக வருகிற ஊழியர் மூன்று நாள் தங்கினால் அவர் கள்ளத் தீர்க்கதரிசி என்றும், ஆவியில் பேசுவதாகச் சொல்லித் தமக்குப் பணம் கேட்கிறவருக்குச் செவிகொடுக்க வேண்டாம் என்றும் சொல்கிறது. வறுமையிலுள்ள வேறொருவருக்காக அவர் கேட்டாலோ, அவரை நியாயந்தீர்க்க வேண்டாம் என்றும் கூறுகிறது. உங்கள் போதகர் இதுவரை யாருக்காகக் கேட்டார், சேர்ந்த பணத்துக்கு எவரிடம் கணக்குக் காட்டினார் என்று விசாரியுங்கள்.

கேள்வி: எங்கள் சபையில் வரவுசெலவுக் கணக்கைக் கேட்டேன். “நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதே என்று வேதம் சொல்கிறது; கேள்வி கேட்டால் சாபம் வரும்” என்று பதில் வந்தது. பயமாக இருக்கிறது.
– ஓர் இளைஞர், தலவாக்கலை

பதில்: தம்பி, பயப்பட வேண்டாம். சங்கீதம் 105:15 கேள்வி கேட்கிறவர்களைப் பற்றியதல்ல. ஆபிரகாமும் ஈசாக்கும் யாக்கோபும் கொஞ்சப் பேராக அந்நிய தேசங்களில் அலைந்தபோது, பலமுள்ள ராஜாக்கள் அவர்களுக்குத் தீங்கு செய்யாதபடி தேவன் காத்ததையே அந்தச் சங்கீதம் பாடுகிறது. பலவீனரைப் பலவானிடமிருந்து காக்கச் சொன்ன வார்த்தையை எடுத்து, பலவானைச் சபையாரிடமிருந்து காக்கும் வேலியாக்குவது வேதத்தைப் புரட்டுவதாகும்.

பெரோயா ஊரார், பவுல் சொன்னவை அப்படித்தானா என்று தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்தார்கள். அதற்காக அவர்களை நற்குணசாலிகள் என்று அப்போஸ்தலர் 17:11 புகழ்கிறது. பேதுரு தவறியபோது பவுல் அவரை முகமுகமாய் எதிர்த்தார் (கலாத்தியர் 2:11). காணிக்கையைக் கொண்டுபோகையில் ஒருவரும் குற்றஞ்சாட்டாதபடி வேறு சகோதரரையும் உடன் அனுப்பினார் (2 கொரிந்தியர் 8:18–21). நிறுவையில் ஒரு கிலோ கொழுந்து அதிகமாகக் கழிக்கப்பட்டால் நம் தாய்மார் அங்கேயே நின்று கேட்கிறார்கள். கேட்டதற்காக அவர்களை எவரும் பாவிகள் என்பதில்லை. சபையிலும் அந்த உரிமை உங்களுக்கு உண்டு. இரண்டு மூன்று பேராகச் சென்று மரியாதையோடு மறுபடியும் கேளுங்கள். நல்ல மேய்ப்பர் அதனால் வருத்தப்பட்டாலும் கணக்கைக் காட்டுவார். திரும்பவும் சாபத்தையே காட்டினால், நீங்கள் வெளியேறுவதில் எந்தப் பாவமும் இல்லை.

கேள்வி: கோவில் கட்டடம் இல்லாமல் வீடுகளில் நடக்கிற சபைகள் எல்லாம் கள்ளச் சபைகளா?
– ஒரு வாசகர், பண்டாரவளை

பதில்: இல்லை. பிலேமோனின் வீட்டிலும் சபை கூடியது. 1854இல் தோட்டத் தொழிலாளருக்கென்று மிஷன் ஊழியம் தொடங்கியபோதும், உபதேசிமார் லயங்களைத் தேடிப் போய்த்தான் பிரசங்கித்தார்கள். கல்லால் கட்டிய பழைய ஆலயத்திலும் தவறான போதனை புகலாம். இயேசு மாம்சத்தில் வந்த கிறிஸ்து என்றும், அவருடைய சிலுவையே இரட்சிப்புக்குப் போதுமானது என்றும் பிரசங்கிக்கிறார்களா, அல்லது போதகரின் தரிசனங்களை வேதத்துக்கு மேல் வைக்கிறார்களா என்பதை மட்டும் பாருங்கள்.

கேள்வி: என் நாத்தனார் குடும்பம் கள்ளப் போதனை செய்கிற ஒரு கூட்டத்தில் சேர்ந்துவிட்டது. இந்து உறவினரின் சாவு வீட்டுக்குக்கூட வருவதில்லை. நாங்களும் உறவை முறித்துக்கொள்ள வேண்டுமா?
– ஒரு வாசகி, மஸ்கெலியா

பதில்: முறித்துக்கொள்ள வேண்டாம், சகோதரி. உறவினரிடமிருந்து பிரிப்பது அத்தகைய கூட்டங்களின் முதல் வேலை. நீங்களும் விலகினால் அது எளிதாக முடிந்துவிடும். பட்டினி கிடந்தால் இயேசுவைச் சந்திக்கலாம் என்ற போதனையைப் பின்பற்றியவர்களின் உடல்கள் 2023இல் கென்யாவின் ஷக்காஹோலா காட்டில் தோண்டியெடுக்கப்பட்டன. அவை 400க்கும் மேல். வீட்டையும் ஊரையும் விட்டு அவர்கள் காட்டுக்குள் ஒதுங்கியிருந்ததால், வெளியே இருந்தவர்களுக்கு விஷயம் தெரிய நெடுநாள் ஆனது.

வீட்டில் ஏற்றுக்கொள்ளாதிருங்கள் என்று 2 யோவான் 10 சொல்வது கள்ளப் போதனையைக் கொண்டுவருகிறவரை. அதில் சிக்கியவர்களுக்கு இரக்கம் காட்டும்படியே யூதா 22 கேட்கிறது. ஆகவே போய் வாருங்கள். பிள்ளைகளுக்குப் பலகாரம் கொண்டு போங்கள். பிறர் முன்னிலையில் தர்க்கம் பண்ணாதீர்கள். அவர்கள் ஒரு வசனத்தை எடுத்துக் காட்டினால், அந்த அதிகாரம் முழுவதையும் சேர்ந்து வாசிக்கலாமா என்று மட்டும் கேளுங்கள். ஒருநாள் வெட்கத்தோடு திரும்பி வந்தால், கொடுத்த பணத்தைப் பற்றிப் பேச்செடுக்காமல் உள்ளே அழையுங்கள். ஆனால் பிள்ளைகளைப் பாடசாலையிலிருந்து நிறுத்தினாலோ, நோயுற்ற பிள்ளைக்கு வைத்தியத்தை மறுத்தாலோ பொறுத்திருக்க வேண்டாம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள், கிராம உத்தியோகத்தரிடமும் சொல்லுங்கள்.