பச்சிளங்குழந்தையின் மஞ்சள் காமாலைக்குச் சொட்டு மருந்து உதவுமா?

கேள்வி: பிறந்து மூன்று நாளான என் பேரனை மஞ்சள் காமாலைக்காக நீல ஒளியின் கீழ் வைத்திருக்கிறார்கள். உடன் வாய்வழியாகச் சொட்டு மருந்தும் கொடுத்தால் விரைவில் குணமாகும் என்கிறார்கள். இது சோதித்து அறியப்பட்டதா? கீழாநெல்லிச் சாறு புகட்டலாமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: கல்லீரல் பித்தத்தில் கலந்து அனுப்பும், தோலை மஞ்சளாக்கும் பிலிருபின் என்ற நிறமியில் ஒரு பகுதியைச் சிசுவின் குடல் மீண்டும் இரத்தத்துக்குள் உறிஞ்சிக்கொள்கிறது. அதைக் குடலிலேயே தடுத்து மலத்தோடு வெளியேற்றலாம் என்ற எண்ணத்தில்தான் அகர் (கடற்பாசிக் கூழ்), துத்தநாகம், நன்மை செய்யும் நுண்ணுயிரிகள் போன்றவற்றை ஒளி சிகிச்சையுடன் சேர்த்துச் சோதித்து வருகிறார்கள். எண்ணம் நியாயமானதே.

ஆனால், நிறைமாதக் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாளுக்குள் உச்சம் தொடும் மஞ்சள் பிறகு தானாகவே இறங்குவதால், அந்த நாட்களில் எதைக் கொடுத்தாலும் அதுவே குணப்படுத்தியதாகத் தோன்றும். ஆகவே ஒரே ஒளியின் கீழுள்ள குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவுக்கு மருந்தும் மற்றதற்கு அதே தோற்றமுள்ள வெறும் திரவமும், எது எதுவென்று செவிலியருக்கும் பெற்றோருக்கும் தெரியாதபடி கொடுத்து ஒப்பிட வேண்டும். சில சிறிய ஆய்வுகளில் பிலிருபின் சற்று விரைவாகக் குறைந்திருக்கிறது. என்னைப் பொறுத்தவரை அது போதாது. இரத்த மாற்று (குழந்தையின் இரத்தத்தை எடுத்துவிட்டு வேறு இரத்தம் ஏற்றுவது) தேவைப்பட்ட குழந்தைகள் குறைந்தார்களா, மூளையும் செவியும் பாதுகாக்கப்பட்டனவா, வயிற்றுப்போக்கு வந்ததா என்பவையே விடை வேண்டிய கேள்விகள்.

இவ்வளவு கண்டிப்பு ஏன் என்பதற்கு 1956-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வே சான்று. குறைமாதக் குழந்தைகளுக்குத் தொற்று வராமலிருக்க சல்ஃபிசாக்சசோல் என்ற சல்ஃபா வகைக் கிருமிக்கொல்லி கலந்த மருந்து முறையையும் வேறொரு மருந்தையும் குழந்தை மருத்துவர் வில்லியம் சில்வர்மேன் குழுவினர் ஒப்பிட்டபோது, சல்ஃபா பெற்ற பிரிவில் பிலிருபின் மூளையைத் தாக்கி இறந்த குழந்தைகள் அதிகமாக இருந்தார்கள். அந்த மருந்து பிலிருபினை இரத்தப் புரதத்திலிருந்து விடுவித்து மூளைக்குள் செல்ல வழிவிட்டது பின்னர் விளங்கியது. ஒப்பிடாமல் விட்டிருந்தால், குறைமாதமே காரணம் என்று அந்த மரணங்களை ஒதுக்கியிருப்பார்கள்.

கீழாநெல்லி வேண்டாம், தண்ணீரும் சர்க்கரை நீரும் வேண்டாம். நாளுக்கு 8 முதல் 12 முறை தாய்ப்பால் கொடுத்தாலே மலம் நன்றாகக் கழிந்து பிலிருபின் வெளியேறும். வீடு திரும்பிய பின் மஞ்சள் உள்ளங்கால் வரை பரவினாலோ, குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து தூங்கினாலோ, மறுநாள் பார்க்கலாம் என்றிராமல் அப்போதே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.