பார்டர்லைன் ஆளுமைக் கோளாறிலிருந்து (உணர்ச்சிகளும் உறவுகளும் அடிக்கடி கொந்தளிக்கும் மனநலப் பிரச்சினை) மீண்ட பிறகு: கேள்வி பதில்

கேள்வி: டிபிடி சிகிச்சை (உணர்ச்சிகளைக் கையாளக் கற்றுத்தரும் பேச்சு சிகிச்சை) முடிந்து நன்றாக இருந்தேன். போன வாரம் தோழி ஒரு நாள் முழுக்கப் பதில் போடவில்லை. பழையபடி நெஞ்சு பதறியது. எதுவும் அனுப்பாமல் படுத்துவிட்டேன். நோய் திரும்பிவிட்டதா?

பதில்: இல்லை. பதறியும் எதுவும் அனுப்பாமல் இருந்தீர்களே, அதைத்தான் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் ஆய்வாளர் மேரி ஸனரினியின் குழு பார்டர்லைன் உள்ள 290 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. 10 ஆண்டுகளில் 93 சதவீதம் பேருக்கு அறிகுறிகள் தணிந்து, அந்த நிலை இரண்டு ஆண்டுகளாவது நீடித்தது. தன்னைக் காயப்படுத்துவது போன்றவை சீக்கிரம் அடங்கின. கோபம், வெறுமை, கைவிடப்படுவோமோ என்ற பயம் அடங்கத்தான் நாளானது. உங்களுக்கும் அதே வரிசைதான்.

கேள்வி: யாராவது பாராட்டினால் பறக்கிறேன். மேலதிகாரி ஒரு குறை சொன்னால் நான் எதற்குமே லாயக்கில்லை என்று தோன்றுகிறது. குணமானவளுக்கு ஏன் இப்படி?

பதில்: சுயமதிப்பு நிலைப்படுவது பலருக்குக் கடைசியில்தான். 'நான் அருமையானவள்' என்று தினமும் சொல்லிக்கொள்ளும் பயிற்சியை நான் பரிந்துரைக்க மாட்டேன். மனசு நம்பாததைச் சொன்னால் அது எதிர்த்து வாதாடும். அதைவிட, கொஞ்சம் கடினமான ஒரு வேலையைத் தினமும் செய்யுங்கள், முக்கியமாக மனநிலை சரியில்லாத நாளில். யாரும் பார்க்காத வேலையாக இருந்தால் இன்னும் நல்லது, பாராட்டுக்குக் காத்திருக்க வேண்டாம் பாருங்கள். அப்புறம், குறை வந்த அன்று இரண்டு வரி எழுதுங்கள். 'அறிக்கையில் இரண்டு பிழை' என்பது அவர் சொன்னது. 'என்னை வெறுக்கிறார்' என்பது நீங்கள் சேர்த்தது. முதல் வரிக்கு மட்டும் பதில் செய்யுங்கள். உங்களைப் பற்றிய தீர்ப்பை அன்றைக்கே எழுத வேண்டாம்.

கேள்வி: மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: நீங்களாக வேண்டாம். பார்டர்லைனுக்கென்றே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அங்கீகரித்த மருந்து கிடையாது. உங்களுடையது மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ தந்ததாக இருக்கலாம். எழுதிக்கொடுத்த மருத்துவரிடமே கேளுங்கள்.

கேள்வி: புயல் ஓய்ந்துவிட்டது. இப்போது எல்லாமே காலியாக இருக்கிறது.

பதில்: இதைப் பலரும் வெளியே சொல்வதில்லை. நீங்கள் சொன்னது நல்லது. நெருக்கடியைச் சமாளிப்பதிலேயே நாள் போய்க்கொண்டிருந்தது, அது நின்றதும் நேரம் கையில் நிற்கிறது. பெரிய லட்சியம் தேட வேண்டாம். வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம், ஆட்களோடு சேர்ந்து செய்கிற ஏதாவது ஒன்றில் சேருங்கள். பிடிக்கிறதா என்று முதல் வாரமே முடிவு கட்டாதீர்கள். வெறுமையோடு சாக வேண்டும் என்ற எண்ணமும் வந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவரிடமோ நெருக்கடி உதவி எண்ணிலோ பேசுங்கள்.

கேள்வி: மனைவி குணமாகிவிட்டாள். ஆனாலும் அவள் கோபப்பட்டால் எனக்குப் பயம்.

பதில்: உங்கள் பயம் புரிகிறது. ஆனால் அவர் கோபத்தையெல்லாம் நோய்க் கணக்கில் எழுதாதீர்கள், அவருடைய சுயமதிப்பு அங்கேதான் அடிபடும். எதற்குக் கோபம் என்று முதலில் கேளுங்கள். காரணம் நியாயமாக இருந்தால் மன்னிப்புக் கேளுங்கள்.